கொல்கத்தாவின் சீனச் சங்கக் கோயில்கள்

கொல்கத்தாவின் லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகே, டிரெட்டா பஜார் என்னும் பழைய சந்தைப் பகுதியின் குறுகிய சந்துகளில், சீனர் கட்டிய கோயில்கள் பல இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. இந்தியாவில் சீனர் பெருந்தொகையாகக் குடியேறி, தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி, தமக்கென்று பள்ளியும் நாளேடும் இடுகாடும் அமைத்துக்கொண்ட நகரம் இது ஒன்றே. ஆகவே இக்கோயில்களின் வரலாறு அச்சமூகத்தின் உழைப்பின் வரலாறும் ஆகும்.

அவ்வரலாறு நகருக்குள் தொடங்கவில்லை; தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில், பஜ்பஜுக்கு அப்பாலுள்ள அச்சிப்பூரில் தொடங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சிக்காலத்தில் டாங் அச்சூ என்ற சீன வணிகர் அங்கே 650 பீகா நிலம் பெற்று (வங்காளத்தில் ஒரு பீகா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு), கரும்பு பயிரிட்டு, சீனத்திலிருந்து ஆட்களை வரவழைத்துச் சர்க்கரை ஆலை நடத்தினார். ஒப்பந்தத்தில் வந்த அந்தத் தொழிலாளரை, கப்பல்களிலிருந்து ஓடிவந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட வேறு சீனர்கள் ஆசைகாட்டி இழுத்துச் செல்வதாக அவர் முறையிட, 1781-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவருக்கு ஆதரவாக எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. கல்கத்தாவில் அதற்கு முன்பே சீனர் சிலர் வாழ்ந்துவந்தனர் என்பதற்கும் அந்த அறிவிப்பே சான்று. அச்சூ சில ஆண்டுகளில் மறைந்தார், ஆலையும் நிலைக்கவில்லை. ஆனால் ஊர் அவர் பெயரால் வழங்கலாயிற்று. ஆற்றை நோக்கிக் குதிரை லாட வடிவில் அமைந்து செந்நிறம் பூசப்பட்டிருக்கும் அவர் சமாதியும், உள்ளூர் மக்கள் குதா-குதி என்றழைக்கும் நிலத்தெய்வத் தம்பதியரின் சிறு கோயிலும் அங்கே உள்ளன. சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் கொல்கத்தாச் சீனக் குடும்பங்கள் ஊதுவத்தியும் படையலுமாக அங்கே சென்று தம் முதல் முன்னோருக்கு மரியாதை செய்கின்றன.

ஆலை நின்றபின் சீனர் நகருக்குள் வந்து தங்கிய இடமே டிரெட்டா பஜார். வெனிஸ் நாட்டினரும் கம்பெனியின் தெரு, கட்டடக் கண்காணிப்பாளருமான எட்வர்ட் டிரெட்டாவின் சந்தை அது. அங்கே குடியேறியோர் ஒரே மொழியினர் அல்லர். கண்டனியர் எனப்படும் குவாங்டுங் மாநிலத்தார் தச்சுவேலையிலும் கப்பல் துறைப் பணியிலும் பேர்பெற்றனர். ஹக்கா என்னும் தனிக் கிளைமொழி பேசுவோர் காலணி செய்து பென்டிங்க் தெருவில் கடை வைத்தனர். ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவத்தைக் குலத்தொழிலாகக் கொண்டனர். இப்பிரிவினர் தத்தம் மாவட்டத்தின் பெயரால் சங்கம் அமைத்து, அச்சங்கத்திலேயே தெய்வத்தையும் நிறுவினர். ஆங்கிலேயர் காலத்து வழக்கப்படி இவை இன்றும் ‘சர்ச்’ என்றே வழங்கப்படுகின்றன. 1905-இல் தோன்றிய ஸீ இப் சர்ச், பெயருக்கேற்ப, குவாங்டுங்கின் நான்கு மாவட்டத்தாருக்கு உரியது. டாம்ஸன் சந்திலுள்ள நாம் சூன் அதனினும் பழையது. பிளாக்பர்ன் சந்தின் டூங் ஆன் கோயிலோ, ஒருகாலத்தில் நகரின் செல்வர்கள் விருந்துண்ட நான்கிங் உணவகம் கீழ்த்தளத்தில் இயங்கிய செங்கல் கட்டடத்தின் மேல்தளத்தில் அமைந்தது.

கடல் கடந்து சென்ற வணிகர் தம் தெய்வத்தையும் உடன் கொண்டுசெல்வது தமிழர் அறியாததன்று. 1281-இல் சீனத்துக் குவான்சோ துறைமுகத்தில் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்த சம்பந்தப் பெருமாளின் தமிழ்க் கல்வெட்டு, இறுதியில் ஒரு சீன வரியோடு இன்றும் காக்கப்படுகிறது.

ஸீ இப் கோயிலில் கருணைத் தெய்வமான குவான் யின்னின் பீடத்தின்மேல், பொன்பூச்சுப் பூசிய மரச்செதுக்கலில், சிறு சிறு மனித உருவங்கள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கின்றன. தச்சரே ஒரு சமூகமாக வாழ்ந்த இடத்தில்தான் இத்தகைய நுண்வேலை போற்றப்பட்டிருக்க முடியும். பீடத்தின் முன் எண்கள் குறித்த மூங்கில் குச்சிகள் நிறைந்த குழல் இருக்கும். வேண்டுதல் உடையவர் மண்டியிட்டு அதைக் குலுக்க, துள்ளி விழும் குச்சியின் எண்ணுக்குரிய சீட்டில் பலன் பார்க்கப்படும். குறி கேட்டவர்களின் கவலைகள் பெரும்பாலும் வேலை, கடன், ஊருக்குப் போகும் பயணம் பற்றியனவாகவே இருந்திருக்கும். புதிதாக வந்தவனுக்குத் தங்குமிடமும் வேலையும் தேடித் தந்ததும், இறந்தவனை முறைப்படி அடக்கம் செய்ததும் இதே சங்கங்கள்தாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்காக்கள் நகரின் கிழக்கே சதுப்புநிலமாகக் கிடந்த டாங்ராவில் தோல் பதனிடும் தொழிற்கூடங்களை அமைத்தனர். சாதி இந்துக்கள் தீட்டென ஒதுக்கிய தொழில் ஆகையால் போட்டி குறைந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தை அறிந்தோருக்கு அத்தொழிலின் உழைப்பும் நெடியும் விளங்கும். டாங்ராவில் காளிக்கும் சீனர் கோயில் எடுத்தனர். அங்கே நூடுல்ஸ் பிரசாதமாகப் படைக்கப்படுகிறது.

1962-ஆம் ஆண்டு இந்திய-சீன எல்லைப் போர் இவ்வாழ்வைக் குலைத்தது. இந்தியாவிலேயே பிறந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர், வழக்கோ விசாரணையோ இன்றி, இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் 1967 வரை அங்கேயே வைக்கப்பட்டனர். கொல்கத்தாவில் எஞ்சியோர் காவல் நிலையத்தில் பதிந்து, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு வாழ நேர்ந்தது. அது அநீதி, இந்திய அரசு இன்றுவரை அதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. டொராண்டோ போன்ற நகரங்களுக்குக் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. 1996-இல் தோல் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், டாங்ராவின் தொழிற்கூடங்கள் பல உணவகங்களாயின.

ஞாயிறு விடியலில் டிரெட்டா பஜாருக்கு வருவோர் பாவ் என்னும் ஆவியில் வேகவைத்த பூரண ரொட்டியையும் மீன் உருண்டைச் சூப்பையும் உண்டு, படம் எடுத்துக்கொண்டு, சந்துக்குள் நுழையாமலே திரும்பிவிடுகின்றனர். சந்துக்குள் இருக்கும் கோயில்களின் சுவர்ப்பலகைகளில் உள்ள சீன எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அச்சமூகத்திலேயே அருகிவருகின்றனர். 1937-இல் தாகூர், சீன அறிஞர் தான் யுன்-ஷானைக் கொண்டு தொடங்கிய சீனவியல் ஆய்வு நிறுவனமான சீன பவனம், சில மணிநேரப் பயணத் தொலைவில், சாந்திநிகேதனில் இருக்கிறது. அப்பலகைகளைப் படித்துப் பெயர்த்துப் பதிப்பிக்கும் பணியை அந்நிறுவனமும் வங்கப் பல்கலைக்கழகங்களும், படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, மேற்கொள்ள வேண்டும்.