‘நைஸ்’ என்னும் பெயரடை: பொருள் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் பெயரடைகளுள் ‘நைஸ்’ என்பதும் ஒன்று. இனிய, நல்ல, அன்பான என இதனைத் தமிழாக்குகிறோம். இன்றைய உரைநடைக்கு இவை பொருந்தும். முற்கால நூல்களிலும் இவற்றையே கையாளின் மூலத்தின் கருத்துத் திரியும்.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் ஆகும். ‘நெ’ என்னும் எதிர்மறை முன்னொட்டும் ‘அறி’ எனப் பொருள்படும் ‘ஸ்கீரெ’ என்னும் வினையும் இணைந்து ‘நெஸ்கியுஸ்’ ஆயிற்று. ‘அறியாத’ என்பது இதன் பொருள். அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வினையடியிற் பிறந்ததே. பழைய பிரெஞ்சில் ‘பேதைமையுடைய’ என்று பொருள்பட்ட இச்சொல், ஏறத்தாழ 1300-இல் ஆங்கிலத்திற் புகுந்தது. சாசரின் படைப்புகளிலும் இப்பொருளைக் காணலாம்.

பின்னர் இதன் பொருள் பல திசைகளிற் கிளைத்தது. 14ஆம் நூற்றாண்டில் ‘ஒழுக்கம் தளர்ந்த’ என்றும், அதன்பின் ‘எளிதில் மனநிறைவு கொள்ளாத’, ‘நாணமுடைய’ என்றும், 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்றும் வழங்கியது. எளிதில் நிறைவுகொள்ளாதவர் நுணுகி ஆராய்வர். அவர் தேர்ந்து ஏற்பது இனியதாகும். இவ்வழியே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்றைய பொருள் தோன்றியது எனக் கருதலாம். 1817-இன் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் ஆபி’ என்னும் ஜேன் ஆஸ்டினின் புதினத்தில், எதனையும் இவ்வொரு சொல்லாற் புகழும் வழக்கத்தை ஹென்றி டில்னி என்னும் பாத்திரம் எள்ளி நகையாடுகிறது.

‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில், சேரவேண்டிய இடம் சேராத கடிதத்தைப் பற்றித் துறவி லாரன்ஸ் பேசுமிடத்தில் இச்சொல் ‘அற்பமான’ என்னும் பொருளில் வருகிறது. அக்கடிதம் அற்பமானதன்று என்பதே அவர் கவலை. ‘இனிய கடிதமன்று’ எனப் பெயர்த்தால் துன்பியலின் திருப்புமுனையே மங்கிவிடும்.

தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று தீய மணத்தைக் குறிக்கிறது. ‘நைஸ்’ என்பதோ இகழ்ச்சியினின்று புகழ்ச்சிக்கு உயர்ந்தது. ‘நாற்றம்’ என்பதற்குச் சங்கப் பாடலில் இன்றைய பொருள் கொள்ளோம். அவ்விழிப்பே ஆங்கில நூல்களுக்கும் வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் பல தொடர்களில் இச்சொல்லின் பொருளைத் துணிவது அரிது. ஆதலின் நூலின் காலத்தையும் சொல் நிற்கும் சூழலையும் ஆராய்ந்த பின்னரே நிகரன் தேர்தல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.