ஊவாத் தோட்டங்களில் மதுவும் இதயத்தின் சீரும்

ஊவாவின் பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் தேயிலையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்தேயிலையை வளர்த்தோரின் உடல் அவ்வரலாற்றை எவ்வாறு தாங்கிற்று என்பதும் ஆராயத்தக்கதாகும்.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கிய பின்னர் மலைச்சரிவுகளிற் தேயிலை பரவியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேற, சாராயத் தவறணையும் உடன் வந்தது. இது தற்செயலன்று. சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறையைப் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து பெற்று வளர்த்தனர். அதனால் அரசிறை பெருகிற்று. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டமும் அதே ஆண்டிலேயே வந்தது. மதுவால் வருவாய் பெற்ற அரசே மருந்துக்கும் விதி வகுத்தது.

மாதம் ஒருமுறை கைக்கு வரும் கூலி, குடியையும் ஒரு முறைக்குள் அடக்கிற்று. சம்பள நாளிலும் தீபாவளி, திருவிழாக் காலங்களிலும் குடி மிகுந்தது. சாராயத்திற்குப் பணம் போதாதவிடத்துக் கசிப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

இவ்வாறு குவிந்து குடிக்கும் வழக்கத்தின் விளைவை 1978இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எற்றிங்கரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர். மிகுதியாகக் குடிப்போர் 24 பேரிடம், பெரிதும் வார இறுதியையும் விடுமுறையையும் அடுத்து, இதயத் துடிப்புப் பிறழ்வுகள் தோன்றியதைக் கண்டு, அதனை 'விடுமுறை இதயம்' என்றனர். அவர்கள் ஆராய்ந்தது ஊவாவை அன்று. எனினும் குடிக்கும் முறை ஒன்றே.

ஓய்விலுள்ள இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை வரை சீராகத் துடிக்கும். மது மிகும்போது பரிவு நரம்புகள் கிளர்ச்சியுறுகின்றன. இதயத்தின் மேலறைகளாகிய சோணைகளில் மின்சைகை செல்லும் முறை மாறுகிறது. அவை ஒழுங்காகச் சுருங்காது நடுங்கத் தொடங்கலாம். அங்குத் தேங்கும் குருதி உறைந்து மூளையை அடையுமாயின் பாரிசவாதம் நேரும். சம்பள நாளின் மறுநாட் காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்பவனுக்கு உண்டாகும் படபடப்பும் மூச்சுத்திணறலும் வெறியின் எச்சமென்று ஒதுக்கப்படுமிடத்து, இவ்வாபத்து மறைந்தே வளரும்.

ஆயினும் இது மீளமுடியாத விதியன்று. சோணை நடுக்கமுடைய, வழக்கமாகக் குடிக்கும் 140 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், குடியைக் கைவிடுமாறு பணிக்கப்பட்டோருள் 53 சதவீதத்தினருக்கே ஆறு மாதங்களில் அந்நோய் மீண்டது. வழமைபோற் குடித்தோருள் 73 சதவீதத்தினருக்கு மீண்டது.

தொழிலாளியின் குடியை அவனது ஒழுக்கக் குறையாக மட்டும் காண்போர், தவறணையை அவன் வாயிலிற் திறந்த வரலாற்றை மறந்துவிடுகின்றனர். மனிதர் அமைத்த வழக்கத்தை மனிதரே மாற்றவும் இயலும். அம்மாற்றத்திற்குத் தொழிலாளியின் மனவுறுதி வேண்டும். அவனது படபடப்பைச் செவிமடுத்துக் கேட்கும் மருத்துவமும் அவனுக்கு அருகில் இருத்தல் வேண்டும்.