பொய் சொல்லலாமா? 1797-இல் எழுந்த ஒரு வழக்கு

கொலைகாரனுக்குப் பயந்து ஓடிவந்த நண்பர் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார். அவன் கதவைத் தட்டி, "உள்ளே இருக்கானா?" என்கிறான். "இல்லைன்னுதான் சொல்லணும், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பீர்கள். மேலைநாட்டு அறவியலின் புகழ்பெற்ற விவாதமே இதுதான்.

பிரான்சில் பயங்கர ஆட்சி (1793-94) ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒளிந்தவரைக் காட்டிக்கொடுத்தால் கில்லட்டின் என்றிருந்த காலம் அது. 1797-இல் பெஞ்சமின் கான்ஸ்தான் எழுதினார்: உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடமே உண்மை சொல்லும் கடமை உண்டு, பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மையைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

அதே ஆண்டில், கோனிக்ஸ்பெர்க் நகரிலிருந்து (இன்று ருஷ்யாவின் கலினின்கிராட்) 73 வயது இம்மானுவேல் கான்ட் மறுத்தார். வாய்மை ஆள் பார்த்துச் செய்யும் கடமையா என்ன? பொய் நுழைந்தால் மனிதர் சொல்லுக்கே மதிப்பு போய்விடும், ஒப்பந்தங்கள் நிற்கா. மேலும், நீங்கள் "இல்லை" என்ற நேரம் நண்பர் வெளியேறித் தெருவில் அவனிடம் சிக்கினால்? அந்த விளைவுக்கு நீங்களே பொறுப்பு!

1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1861-இல் நடுவழி சொன்னார். தீயவனிடம் உண்மையை மறைக்கலாம். ஆனால் விதிவிலக்கின் எல்லையை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் பழக்கமாகிவிடும்.

கான்டின் முடிவை அவர் வழிவந்தவர்களிலேயே பலர் ஏற்பதில்லை. ஆனாலும் விதிவிலக்குக்கு எங்கே வேலி போடுவது என்ற அவரது கவலை தீரவில்லை. "அப்பா வீட்டுல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையிடம் போனைக் கொடுக்கும்போது நாமும் இந்த வழக்கில் ஒரு கட்சி சேர்ந்துவிடுகிறோம்.