கு.க.வா, காயடிப்பா? மதுரை வட்டாரத்தில் கடுவன் பூனை பற்றிய வழக்கு

மதுரையில் கடுவன் பூனையை வயர்கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுவருகிறவர் "கு.க. பண்ணணும் டாக்டர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பாலமேட்டிலோ மேலூரிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டு மாட்டைப் பற்றிப் பேசும்போது அவரே "காயடிச்சாச்சு" என்பார். உடலுக்கு நேர்வது இரண்டிலும் ஒன்றுதான். விதை போகிறது, அதோடு ஆண்மை இயக்குநீரும் வற்றுகிறது. ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் வழங்குவதால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்கலாம். ஆண்பூனைக் கருத்தடை பற்றி இங்கே நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இந்தச் சொற்களிலிருந்தே முளைக்கிறது என்பதுதான் இக்கட்டுரை நிறுவ முயல்வது.

காயடித்தல் உழவரின் சொல். பொலிகாளையாக நிற்கவேண்டியது எது, ஏரில் பூட்டவேண்டியது எது என்று பிரித்து, இரண்டாவதை அடக்கி எருதாக்கும் வேலை அது. மரக்கட்டைகளுக்கிடையே விதைநரம்பை நசுக்கிய பழைய முறை போய், தோலைக் கிழிக்காமல் உள்நரம்பை மட்டும் நெரிக்கும் பர்டிசோ இடுக்கி வந்தபோதும் சொல் மாறவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கொம்பு தீய்த்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றோடு காயடிப்பையும் ஒரே மூச்சில் சொல்லி, விதித்த முறைப்படி செய்தால் வதையாகாது என்று விலக்களிக்கிறது. சட்டம் எழுதியவர் கண்முன் நின்றது மாடு என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பூனை அந்த வாசல் வழியாகப் பின்னால் நுழைந்துகொண்டது.

இவ்வட்டாரத்தில் காயடிக்காத காளைக்கு இருக்கும் மதிப்பைத் தனியே சொல்லவேண்டியதில்லை. 2014 மே 7இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்தபோதும், 2017 சனவரியில் தமுக்கத்தில் இளைஞர்கள் திரண்டபோதும், 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றபோதும் திரும்பத் திரும்பக் கேட்ட வாதம் ஒன்று உண்டு: வாடிவாசல் இல்லையேல் நாட்டுப் பொலிகாளை மிஞ்சாது, புலிக்குளம் போன்ற இனங்கள் அழியும் என்பது. அதன் நியாய அநியாயம் இங்கே பேசுபொருளன்று. ஆனால் அந்தப் பெருமிதம் கூரைமேல் திரியும் கடுவனுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆம்பளப் புள்ளைய இப்படிப் பண்ணலாமா?" என்று தயங்குகிறவர் மனத்தில் இருப்பது பூனையன்று, காளை. இந்த ஒப்புமை செல்லாது. பொலிகாளைக்குப் பசுவைத் தேர்ந்து கொடுப்பவன் மனிதன். கடுவனுக்கு யாரும் பெண் பார்ப்பதில்லை. அது காக்க வேண்டிய இனமென்றும் ஒன்றில்லை.

இனி மற்றச் சொல். கு.க. என்று சுருங்கிய குடும்பக் கட்டுப்பாடு என்பது 1952இல் நாடு தொடங்கிய திட்டத்தின் வழியே வீடுவீடாகப் போன சொல். ஆணைப் பொறுத்தவரை அது விந்துக்குழாயைத் துண்டித்துக் கட்டும் சிகிச்சை. விதை இருந்த இடத்தில் இருக்கும். மீசை, குரல், ஆசை எதுவும் மாறாது என்று சுகாதாரப் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். 1975–77 நெருக்கடிநிலைக் காலக் கெடுபிடிக்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கமே வராமல் போனது வேறு கதை. இந்தச் சொல்லைப் பூனைக்குச் சூட்டும்போது அதன் உறுதிமொழியும் கூடவே வந்துவிடுகிறது. குழாயைத்தான் கட்டுவார்கள் என்று எண்ணி வருகிறவர், மாலையில் விதைப்பை வெறுமையாகத் தொங்குவதைக் கண்டு திடுக்கிடுகிறார். மூன்று மாதம் கழித்து, "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்ல, உடம்பு வச்சிருச்சு" என்று வந்து நிற்கிறார். மருத்துவர் ஏமாற்றவில்லை, சொல் ஏமாற்றியது.

அப்படியானால் இந்தச் சிகிச்சை எதற்கு? சுங்குடிப் புடவை வணிகர் ஒருவர் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முடிச்சு அவிழ்க்காத புடவைகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. பத்து மாதக் கடுவன் அடுக்கை முகர்ந்தது, திரும்பி நின்றது, வாலை நட்டுக்குத்தலாக உயர்த்தியது. வால்நுனி நடுங்கியது. அடுத்த நொடி ஒரு சாண் உயரத்தில் ஈரக்கோடு. வீட்டம்மா சோப்பு, எலுமிச்சை, வினிகர் எல்லாம் போட்டு அலசினார். மறுநாள் வெயிலேறியதும் வாடை மீண்டும் எழுந்தது. பூனையின் சிறுநீரில் நிறைந்திருக்கும் ஃபெலினைன் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் மெல்லச் சிதைந்து வாடையை விட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஆண்மை இயக்குநீர் மிகுந்த கடுவனில் அதன் அளவு மிகுதி, விதை நீங்கினால் குறையும். 1973இல் அமெரிக்காவில் ஹார்ட், பாரெட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த கடுவன்களில் விதைநீக்கத்துக்குப் பின் பீய்ச்சுதல், சண்டை, ஊர்சுற்றல் மூன்றுமே ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் தணிந்ததாகக் காட்டியது. சிறு வயதிலேயே செய்தாலும் பத்தில் ஒன்று பீய்ச்சத்தான் செய்யும் என்று பின்னர் தெரிந்தது. சண்டை குறைந்தால் கடி குறையும். கடிவழியே பரவும் பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரசுக்கு வழியும் குறுகும்.

எதிர்வாதங்களில் சிலவற்றுக்கு உண்மையான கனம் உண்டு. விதை நீங்கிய பூனைக்குத் தீனித் தேவை ஏறத்தாழ கால்பங்கு இறங்கும், பசியோ ஏறும். அளந்து வைக்காவிட்டால் கொழுக்கும். கொழுத்து வீட்டோடு கிடக்கும் ஆண்பூனைக்கு மூத்திரம் அடைக்கும் அபாயம் கூடுதல். மேலூர்ப் பக்கம் நெல் சேமிப்பவர்கள் சொல்லும் "எலி பிடிக்காது" என்ற குறைக்கு அந்தக் கனம் இல்லை. வேட்டை கடுவனுக்கு மட்டும் உரிய குணமாக இருந்தால் பெட்டை பட்டினி கிடக்கவேண்டும்.

கருத்தடைக்காரர்களின் வாதமும் ஓரிடத்தில் ஓட்டையானது. "பூனை பெருகுது, அதனால கடுவனுக்குச் செய்யணும்" என்கிறார்கள். பெட்டைப் பூனை பகல்வெளிச்ச நீளத்தைப் பார்த்துப் பருவத்துக்கு வரும் விலங்கு. குளிர்நாட்டில் அதற்கு மாரிக்கால ஓய்வு உண்டு. ஏறத்தாழ பத்தாம் அட்சரேகையில் இருக்கும் மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஆகவே இங்கே ஆண்டு முழுதும் ஈற்றுதான். சூல்காலம் ஒன்பது வாரம். தெருவில் பத்துக் கடுவனில் ஒன்பதுக்கு விதை நீக்கினாலும், எஞ்சிய ஒன்று எல்லாப் பெட்டைகளுக்கும் போதும். பெருக்கத்தின் கணக்கு பெட்டையிடம் இருக்கிறது. கடுவனின் சிகிச்சை வீட்டுக்காரருக்கும் அந்தப் பூனைக்கும் இடைப்பட்ட விவகாரம். இரண்டையும் கலப்பதால்தான் "என் ஒரு பூனையால ஊர் நிறைஞ்சிருமா?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

மாற்று வழிகளையும் இந்தப் பிரிவினையோடு பார்த்தால் தெளிவு வரும். உண்மையிலேயே கு.க. என்ற பெயருக்குரியது விந்துக்குழாய்த் துண்டிப்பு. அதைப் பூனைக்கும் செய்யலாம். கடுவன் கடுவனாகவே இருக்கும், கூடும், பெட்டையின் கருமுட்டை கூடலால் தூண்டப்பட்டு வெளிப்பட்டுப் பொய்ச்சூலாகும், ஆறு வாரம் போல அது வேறு கடுவனைத் தேடாது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த கணினி மாதிரியில், ஆண்களுக்குக் குழாய்த் துண்டிப்பும் பெண்களுக்குச் சூலகத்தை விட்டுவைத்துக் கருப்பை நீக்கமும் செய்தால், தெருப்பூனைத் தொகை குறைய ஆண்டுக்கு 35 விழுக்காட்டைப் பிடித்தாலே போதும் என்று வந்தது. வழக்கமான விதைநீக்க முறைக்கு 57 விழுக்காட்டுக்கு மேல் வேண்டியிருந்தது. தெருவுக்கு இது நல்ல யோசனை. சுங்குடிக்காரர் வீட்டுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வாடையும் இரவுக் கத்தலும் அப்படியே இருக்கும்.

கத்தி வேண்டாம் என்பவர்களுக்கு வங்காளத்திலிருந்து ஒரு விடை வந்தது. 2011இல் ஜானா, சமந்தா ஆகியோர் ஆண்பூனை விதைக்குள் கால்சியம் குளோரைடை ஒரே ஊசியாகச் செலுத்தி விதைத் திசுவைக் கருகச் செய்யலாம் என்று எழுதினார்கள். மலிவானது, ஆனால் இயக்குநீரையும் சேர்த்து வீழ்த்துவதால் இது ஊசிவழிக் காயடிப்பு. பெருமிதக்காரருக்கு இதில் ஆறுதல் இல்லை. தோலடியில் வைக்கும் டெஸ்லோரெலின் வில்லை ஓராண்டுக்கு மேல் விதையை உறங்கவைத்துப் பின் விட்டுவிடும். தயங்குகிறவருக்கு ஒத்திகை பார்க்க உகந்த வழி இதுதான் என்பது என் கருத்து. மெஜஸ்ட்ரால் மாத்திரை நீரிழிவுக்கு வழிவிடும் என்பதால் அதை எண்ணவேண்டாம்.

சமய நோக்கில் நடக்கும் விவாதம் இவற்றைவிட நுட்பமானது. பூனைமேல் தனிப் பரிவு கொண்ட இசுலாமிய மரபில், உண்ணத்தகாத விலங்கின் விதையை நீக்குவதை ஷாஃபிஈ வழி தடுக்கிறது. பயன் இருந்தால் செய்யலாம் என்பது ஹனஃபி வழி. மதுரை ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள், கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர்கள் ஷாஃபிஈக்கள். ஆக, சம்பந்திகள் இருவர் ஒரே பூனைக்கு இருவேறு தீர்ப்புச் சொல்ல இடமுண்டு. அரசுகளிலும் இந்தப் பிளவு இருக்கிறது: பெல்ஜியத்தில் வீட்டுப் பூனைக்குக் கருத்தடை சட்டக் கட்டாயம். நார்வேயின் 2009 விலங்கு நலச் சட்டமோ விலங்கின் நலனோ வேறு சிறப்புக் காரணமோ இருந்தால்தான் விதைநீக்கத்தை அனுமதிக்கிறது. நம் நாட்டில் 2001இன் கருத்தடை விதிகள் பெயரிலேயே நாய்களுக்கானவை. 2023இல் வந்த புதிய விதிகளின் தலைப்பில் 'நாய்' உதிர்ந்துவிட்டது.

இத்தனை மாற்றுகளையும் எடைபோடும்போது, மதுரையில் உண்மையில் புழக்கத்தில் உள்ள மாற்றை மறந்துவிடக்கூடாது. அது சாக்கு. கொல்வது பாவம் என்று அஞ்சும் வீடு, பீய்ச்சும் கடுவனைச் சாக்கில் கட்டி, வழி தெரியாதிருக்க இரண்டு சுற்றுச் சுற்றி, மீன் விற்கும் சந்தை ஓரத்தில் அவிழ்த்துவிட்டு வரும். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அங்கே யாரும் நினைப்பதில்லை. விதைநீக்கம் இயற்கைக்கு மாறானதா என்ற வினாவை இந்தச் சாக்கின் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்க்கையில் வீட்டில் வளரும் கடுவனுக்கு விதைநீக்கமே தகும் என்பது என் முடிவு.

ஆனால் அதைச் சொல்லிச் செய்யவேண்டும். 'கு.க.' என்று வருகிறவரிடம் மருத்துவர் முதலில் "விதையையே எடுத்துருவோம், தெரியும்ல?" என்று கேட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை, கடுவனுக்குத் தையல்கூட அநேகமாகத் தேவைப்படாது என்பதையும், இனித் தீனியை அளந்து வைக்கவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். அதைக் கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் இருப்பார்கள். வீட்டில் பெட்டை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அவர்களை அனுப்பலாம்.