லார்ட்ஸ் வாசலில் ஐந்து பையன்கள்

இங்கிலாந்தின் ஏழை பணக்கார வித்தியாசம் பற்றி யார் எழுதினாலும் பக்கத்தில் ஒரு பழைய படத்தைப் போடுவார்கள். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

1937 ஜூலை 9. லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் வாசல். ஈட்டன், ஹாரோ பள்ளிகளுக்கிடையே வருடாந்தர ஆட்டம். உயரத் தொப்பி, வால் கோட்டு, கைத்தடி சகிதம் இரண்டு ஹாரோ மாணவர்கள் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி, சாதாரண உடுப்பில் மூன்று உள்ளூர்ப் பையன்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஜிம்மி சைம் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த அந்தப் படம், மறுநாளே 'நியூஸ் கிரானிக்கிள்' முதல் பக்கத்தில் வந்துவிட்டது.

பார்த்தவர்களெல்லாம் ஒரே கதையைத்தான் படித்தார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்குத் திமிர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஏக்கம்.

நடந்தது வேறு. அந்த இருவரும் ஊருக்கு அழைத்துப்போக வரவேண்டிய காருக்காகக் காத்திருந்தார்கள். கார் வரத் தாமதம். மூவரோ பல் டாக்டரிடம் போய்விட்டு, அப்படியே பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, மைதானத்தில் பை தூக்கி நாலு காசு பார்க்க வந்தவர்கள்.

பிற்பாடு என்ன ஆயிற்று? ஹாரோ பையன்களில் ஒருவன் மறு வருடமே, இங்கே ராணுவத்தில் இருந்த தந்தையைப் பார்க்கக் கப்பலேறி வந்தான். செகந்திராபாத் பக்கம் திருமலகிரியில் தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோனான். வயது 16. இன்னொருவர் மனநோயால் அவதிப்பட்டு மருத்துவமனையில் காலமானார். ஏக்கத்தோடு பார்த்ததாகச் சொல்லப்பட்ட மூவரும் உழைத்து, குடும்பத்தோடு முதுமை வரை வாழ்ந்தார்கள்.

படம் பொய்யில்லை. அந்த நாட்டில் அந்த வித்தியாசம் இருந்தது நிஜம். ஐந்து பேர் மனசுக்குள் இருந்ததாக நாம் சொன்னதுதான் தப்பு.

என் கல்யாண ஆல்பத்தில் மாமனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனசில்லை என்று முப்பது வருஷம் நினைத்திருந்தேன். அவரிடம் அளவோடுதான் பேசினேன். ஒருநாள் பேச்சுவாக்கில் மனைவி சொன்னாள்: "அன்னிக்கு அப்பாவுக்குப் புதுச் செருப்பு கடிச்சு ரத்தமே வந்துடுச்சு."

அப்போது அவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.