இருபத்தோரு ஆண்டுகளும் ஒரு நாளும்

வரலாற்று நூல்களில் இரண்டு தேதிகளுக்கு நடுவே கிடக்கும் காலத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓர் அறிவிப்பு, பிறகு ஒரு நிகழ்வு, இரண்டையும் இணைக்க ‘பல ஆண்டுகளுக்குப் பின்’ என்று மூன்று சொற்கள். டாக்டர் அம்பேத்கரின் மதமாற்றத்தையும் நாம் இவ்வாறே வாசித்துப் பழகியிருக்கிறோம். 1935 அக்டோபர் 13 அன்று நாசிக் மாவட்டத்து யேவலாவில் நடந்த மாநாட்டில், தான் இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, ஆனால் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தரானார். இடையே இருபத்தோரு ஆண்டுகளும் ஒரு நாளும். அறிவித்தபோது வயது 44, நிறைவேற்றியபோது 65.

இந்த இடைவெளியைத் தயக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. அரசியல் பேரத்துக்கான மிரட்டல் என்று அக்காலத்திலேயே எழுதியவர்கள் உண்டு. மறுபக்கம், எல்லா மதங்களையும் கற்றுத் தெளிய அறிஞருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்ற பக்தி கலந்த விளக்கமும் உண்டு. மூன்றுமே எனக்குப் போதவில்லை. தான் தயாரா என்ற கேள்வியை அவர் எப்படிக் கேட்டார், அந்தக் கேள்வியே காலப்போக்கில் எப்படி உருமாறியது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

யேவலா அறிவிப்பு திடீரென எழுந்ததல்ல. 1927 மார்ச்சில் மகாடு நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டம். அவ்வாண்டு டிசம்பரில் மனுஸ்மிருதி எரிப்பு. 1930 மார்ச் 2 முதல் நாசிக்கின் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம். இந்தக் கடைசிப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அடிபட்டார்கள், சிறை சென்றார்கள், கதவு திறக்கவில்லை. யேவலாவில் அவர் தம் மக்களிடம் சொன்னவற்றுள் முக்கியமானது, இனி கோயில் வாசல்களில் நின்று ஆற்றலை வீணாக்க வேண்டாம் என்பது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1935 மே 27 அன்று, அவருடைய மனைவி ரமாபாய் காலமாகியிருந்தார். பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். தீண்டப்படாதவராகத் தொலைவில் நின்று தரிசிக்க வேண்டிய கோயிலுக்கு மனைவியை அனுப்ப அம்பேத்கருக்கு மனமில்லை, வேறொரு பண்டரிபுரத்தை நாமே படைப்போம் என்று அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர் பதிவு செய்கிறார். அந்த விருப்பம் நிறைவேறாமலே ரமாபாய் போய்விட்டார்.

அறிவிப்பு வந்ததும் நாடே பரபரத்தது. மதம் என்பது நினைத்தபோது மாற்றிக்கொள்ளும் வீடோ மேலங்கியோ அல்ல என்றார் காந்தி. கிறித்தவ, இஸ்லாமிய, சீக்கிய அமைப்புகளின் அழைப்புகள் வந்து குவிந்தன. 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டில் அம்பேத்கர் கலந்துகொண்டார். அம்மதத்தைப் பயின்று வரத் தம் ஆட்களில் ஒரு சிறு குழுவையும் அனுப்பிவைத்தார். போனவர்கள் அங்கேயே சீக்கியர்களாகிவிட்டார்கள்! தலைவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, தொண்டர்கள் முந்திக்கொண்ட இந்தச் சிறு சம்பவம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. திரும்பி வந்த அவர்களுக்குப் பெரிய வரவேற்பு எதுவும் இருக்கவில்லை.

1936 மே மாத இறுதியில் பம்பாய் தாதரில் மகார் மாநாடு கூடியது. அங்கு அவர் மராத்தியில் ஆற்றிய நீண்ட உரை இந்த விஷயத்தில் தலையாய ஆவணம். மதமாற்றம் விளையாட்டல்ல என்று தொடங்கி, அதைக் கடற்பயணத்தோடு ஒப்பிடுகிறார். பயணிகள் எத்தனை பேர் என்று தெரியாமல் படகோட்டி ஏற்பாடுகளைச் செய்ய முடியாது. அதுபோல எத்தனை பேர் வெளியேற விரும்புகிறீர்கள் என்று தெரியாமல் நான் எதையும் தொடங்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். தம்மைப் பொறுத்தவரை முடிவு எடுத்தாகிவிட்டது என்பதிலும் அவருக்குக் குழப்பமில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு தனிமனிதன் தன் வாழ்வை மாற்றிக்கொள்ள எப்போது தயார் என்பதற்கு அவனுடைய உள்ளமே சாட்சி. அம்பேத்கருக்கு அந்தச் சாட்சியம் 1935-லேயே கிடைத்துவிட்டது. அவர் ஒருவர் மட்டும் மாறுவதாக இருந்தால் மறுநாளே மாறியிருக்கலாம், தடுப்பார் யாருமில்லை. அப்படி மாறியிருந்தால் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த ஒரு வழக்கறிஞரின் சொந்த விவகாரமாக அது முடிந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ‘நான் தயாரா’ என்பதல்ல, ‘நாங்கள் தயாரா’ என்பது. தன்மை ஒருமை பன்மையாகும்போது விடை காணும் வழியே மாறிவிடுகிறது. உள்ளத்தைப் பார்த்து ஒருவர் தம் பதிலை அறியலாம். லட்சக்கணக்கானோரின் பதிலை எங்கே பார்ப்பது?

நடைமுறைத் தடைகளும் சிறியவை அல்ல. 1932-இன் பூனா ஒப்பந்தம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாண சட்டசபைகளில் 148 இடங்களைத் தந்திருந்தது. அவை இந்துப் பொதுத்தொகுதிகளுக்குள் ஒதுக்கப்பட்டவை. அந்த ஏற்பாடு 1937 தேர்தலில்தான் முதன்முறையாகச் செயலுக்கு வரவிருந்தது. மதத்தை விட்டால் இடமும் போகுமா என்ற அச்சம் மாநாட்டுக்கு வந்தவர்களிடம் இருந்தது, உரையில் அதற்கும் பதில் சொல்கிறார். அரசியல் பாதுகாப்புகள் நிலையானவை அல்ல, அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றார். ஆனால் அதே 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கித் தேர்தலிலும் இறங்கினார். இதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. மறுகரை தென்படும்வரை படகின் பொத்தல்களை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பிந்திய பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். கட்சிகள், வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினர் பதவி, அரசியல் சாசனப் பணி, சட்ட அமைச்சர் பொறுப்பு, இந்து சட்டத் தொகுப்பு மசோதா, 1951-இல் பதவி விலகல். மதமாற்றப் பேச்சே மறைந்துவிட்டது போலத் தோன்றும். பெயர்களைக் கவனித்தால் வேறொன்று தெரியும். தாதரில் அவர் கட்டிய வீடு ராஜகிருஹம். 1946-இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரி சித்தார்த்தர் பெயரில். ஔரங்காபாதில் 1950-இல் தொடங்கியது மிலிந்தர் பெயரில். பதினாறு வயதில், மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்திருந்தார். அந்த விதை எங்கோ ஆழத்தில் கிடந்திருக்க வேண்டும்.

இங்கே தமிழகத்துக்கும் ஓர் இழை உண்டு. சென்னைப் பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூலை 1948-இல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். நரசு, அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்தோடு இணைந்து இயங்கியவர். அயோத்திதாசர் 1898-இலேயே கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவர் பெருந்திரளுக்காகக் காத்திருக்கவில்லை. சிலரோடு தொடங்கினார், பிறகு வந்தவர்கள் வந்தார்கள். கோலார் தங்கவயல் வரை, ரங்கூன் வரை, கிளைகள் பரவின. 1914-இல் அவர் மறைந்தபின் அந்த வேகம் தளர்ந்தது. சிலரோடு உடனே புறப்படுவதா, பலருக்காக நெடுங்காலம் காத்திருப்பதா என்பதற்கு இவ்விருவரும் இரு வேறு விடைகள்.

மூன்றாவது விடையும் ஒன்று உண்டு. 1954 டிசம்பரில் ரங்கூனில் உலக பௌத்த மாநாட்டின்போது பெரியாரும் அம்பேத்கரும் சந்தித்தனர். பௌத்தத்துக்கு வந்துவிடலாம் என்று அம்பேத்கர் தம்மை அழைத்ததாகவும், வெளியே போய்விட்டால் இந்து மதத்தைக் கண்டிக்கும் உரிமை போய்விடும் என்பதால் தாம் உள்ளேயே இருக்கப்போவதாகப் பதில் சொன்னதாகவும் பெரியார் பின்னாளில் கூறியிருக்கிறார். மாறாமலிருப்பதும் எண்ணி எடுத்த முடிவாக இருக்க முடியும்.

மீண்டும் படகோட்டியிடம் வருவோம். 1950-இல் மகாபோதி சங்க இதழில் புத்தரையும் அவர் மதத்தின் எதிர்காலத்தையும் பற்றி அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார். பௌத்தம் பரவ மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்றார். எளியவரும் கையில் வைத்துப் படிக்க ஒரே பௌத்த மறைநூல் வேண்டும். பிக்கு சங்கத்தின் அமைப்பும் நோக்கமும் மாற வேண்டும். உலக அளவில் ஒரு பௌத்தப் பணி நிறுவனம் வேண்டும். பயணத்துக்கான சரக்குப் பட்டியல் என்றே இதைச் சொல்லலாம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1956-இல், பட்டியலில் எது நிறைவேறியிருந்தது? ‘புத்தரும் அவர் தம்மமும்’ கையெழுத்துப் பிரதியாகத் தயாராகியிருந்தது, ஆனால் அச்சேறவில்லை. பிக்கு சங்கம் பழையபடியே இருந்தது. உலகப் பணி நிறுவனம் இல்லை. 1955-இல் அவர் தொடங்கிய இந்திய பௌத்த மகாசபைக்கு வயது ஒன்று. தாமே விதித்த அளவுகோலின்படி அவர் தயாராகவில்லை.

ஆனாலும் அந்த மே மாதத்தில் பம்பாய்க் கூட்டமொன்றில், அக்டோபரில் மாறப்போவதாக அறிவித்தார். அது புத்தர் பரிநிர்வாணத்தின் 2500-ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட காலம். நாள் தேர்வுக்கு அது பொருத்தமான காரணம். நான் இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன். நீரிழிவும் நரம்பு வலியும் முற்றியிருந்தன, கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது, துணையின்றி நடக்க இயலவில்லை. அவ்வாண்டு ஜூலை இறுதியில் தம் உதவியாளர் நானக் சந்த் ரத்துவிடம் கண்ணீருடன் பேசியதாக ஒரு பதிவு உண்டு. மிகுந்த துயரங்களுக்கிடையே இவ்வளவு தூரம் இழுத்து வந்த வண்டித்தொடரை முன்னே கொண்டுசெல்ல ஆளில்லையே என்ற வேதனை அதில் இருக்கிறது. 1936-இல் பயணிகளை எண்ணிக்கொண்டிருந்தவர், 1956-இல் தம்மிடம் மிச்சமிருந்த நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

நாக்பூரின் அந்தத் திடலுக்கு அக்டோபர் 14 காலையில் வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்பர். வெண்ணிற உடை அணிந்து வரச் சொல்லியிருந்ததால் திடலே வெளுத்திருந்தது. ரயிலிலும் கால்நடையாகவும் வந்தவர்கள், பலரும் கூலிவேலைக்காரர்கள். ஒரு கையில் கோலும் மறு கை உதவியாளரின் தோளிலுமாக மேடையேறிய அம்பேத்கரும் அவருடைய இரண்டாவது மனைவி சவிதாவும் குஷிநகரின் முதிய பிக்கு சந்திரமணியிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் பெற்றனர். பழைய மதத்தைத் துறக்கும் சொற்களைச் சொன்னபோது அவருக்குத் தொண்டை அடைத்தது என்கிறார் கீர்.

அடுத்து நடந்தது மரபுக்கு முற்றிலும் புதிது. கூட்டத்தைப் பார்த்து, விரும்புகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்தவர்களுக்குத் தீட்சை தந்தது எந்தப் பிக்குவும் அல்ல, சில நிமிடங்களுக்கு முன் பௌத்தரான அவரேதான். தாமே வகுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் சொல்லவைத்தார். சீர்திருந்திய பிக்கு சங்கத்துக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர், இறுதியில் சங்கத்தின் வேலையைத் தாமே செய்துவிட்டார். அந்த மக்கள் வீடு திரும்பிப் பூசையறைத் தெய்வங்களை எடுத்து ஆற்றிலும் கிணற்றிலும் விட்டார்கள்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, சில சீக்கியப் பிரிவுகள் நீங்கலாக, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். 1956-இல்தான் அந்த ஆணை சீக்கியர் அனைவருக்கும் திருத்தப்பட்டது. பௌத்தர்களுக்குத் திருத்தம் வந்தது 1990-இல். மகாராஷ்டிரம் மாநில அளவில் சலுகைகளை நீட்டித்தது உண்மை. ஆனால் மத்திய அரசின் கண்ணில், திடலில் எழுந்து நின்றவர்கள் முப்பத்துநான்கு ஆண்டுகள் இட ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்றார்கள். 1936-இல் தாதரில் எழுந்த அச்சம் பொய்யானதல்ல. அது தெரிந்தும் எழுந்தவர்கள் எத்தனை பேர், தெரியாமல் எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. கணக்கெடுப்பு சொல்வது இவ்வளவுதான்: இன்றைய மகாராஷ்டிர நிலப்பரப்பில் 1951-இல் சுமார் இரண்டாயிரத்து ஐநூறாக இருந்த பௌத்தர்கள் 1961-இல் ஏறத்தாழ 28 லட்சம்.

முன்பே மாறியிருக்க வேண்டாமா என்ற கேள்வி எனக்கு உண்டு. 1950-இல், கண்டி மாநாட்டிலிருந்து திரும்பிய கையோடு மாறியிருந்தால், புதிய பௌத்தர்களுக்கு அவருடைய வழிகாட்டல் ஆறு ஆண்டுகள் கிடைத்திருக்கும். கிடைத்ததோ 53 நாட்கள். அவர் சென்றபின் அந்த இயக்கத்தில் விழுந்த பிளவுகளைப் பார்க்கும்போது, பயணிகளை எண்ணிக் காத்திருந்ததில் மாலுமியின் ஆயுள் கரைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஆனால் 1950-இல் மூன்று லட்சம் பேர் வந்திருப்பார்களா என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதிலில்லை.

டிசம்பர் 5 இரவு டில்லி வீட்டில், தம்ம நூலின் முன்னுரைத் தாள்களைத் தம் மேசைமேல் வைக்கச் சொன்னார். காலையில் அவர் விழிக்கவில்லை. உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டது. டிசம்பர் 16 அன்று அதே நகரில் அடுத்த பெரும் தீட்சை விழா நடப்பதாக இருந்தது. 7-ஆம் தேதி மாலை தாதர் கடற்கரை மயானத்தில் திரண்டிருந்தவர்கள் 16-ஆம் தேதிவரை காத்திருக்கவில்லை. சிதையருகிலேயே பிக்கு ஆனந்த கௌசல்யாயனர் சரணங்களைச் சொல்ல, ஆயிரக்கணக்கானோர் கூடவே சொன்னார்கள்.