இரு சிறுவர்களுக்காக எழுந்த குரல்: கிரான்பெரிஸ் இசைக்குழு

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1989 இல் உருவான மாற்று ரொக் இசைக்குழு கிரான்பெரிஸ். கிற்றார் கலைஞர் நோயல் ஹோகன், அவரது சகோதரர் மைக், ட்ரம்ஸ் கலைஞர் பேர்கல் லோலர் ஆகியோருடன் 1990 இல் பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன் இணைந்தார். முதலாவது இசைத்தொகுப்பு 1993 இல் வெளியானது.

அதே ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி, இங்கிலாந்தின் வொரிங்டன் நகரக் கடைத்தெருவில் ஐரிஷ் குடியரசு இராணுவம் வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதும் 12 வயதுமான இரு சிறுவர்கள் பலியாகினர். அந்தச் சாவுகளின் துயரத்தில் டொலோரஸ் எழுதியதே 'சொம்பி' பாடல். 1994 இல் வெளியான 'நோ நீட் டு ஆர்கியூ' என்ற இரண்டாவது தொகுப்பில் அது இடம்பெற்றது. தன் மக்களின் பெயரால் நடந்த கொலையை அம்மக்களுள் ஒருத்தியே கண்டித்ததுதான் பாடலின் வலிமை. பெல்பாஸ்ட் வீதிகளில் ரோந்து செல்லும் பிரித்தானியப் படையினரையும் அதன் காணொளி மறைக்கவில்லை.

1996, 1999, 2001 ஆம் ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. 2003 இல் ஒதுங்கிய குழு 2009 இல் மீண்டும் ஒன்றுசேர்ந்து, 2012 இலும் 2017 இலும் தொகுப்புகளை வெளியிட்டது.

2018 ஜனவரி 15 ஆம் திகதி டொலோரஸ் இலண்டனில் காலமானார். அவருக்கு வயது 46. முன்னோட்டமாக அவர் பதிவுசெய்து வைத்திருந்த குரலைக் கொண்டு, குடும்பத்தினரின் சம்மதத்துடன், எட்டாவதும் இறுதியுமான 'இன் த என்ட்' 2019 இல் வெளியானது. வேறொரு பாடகியைத் தேடாமல் மற்ற மூவரும் குழுவை நிறைவுக்குக் கொண்டுவந்தனர்.

வட அயர்லாந்தில் 1998 இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அந்தச் சிறுவர்களுக்கான பாடல் இன்றும் பாடப்படுகிறது.